அரை டிகிரி வளைத்த கரண்டி

காவிரிக் கரையில் பிறந்தவர்களிலேயே, எடுத்த வேலை ஒன்றையும் முடித்துக் கொடுக்காமல் ஊரெல்லாம் பெயர் வாங்கிய மனிதர் அரை டிகிரிதான். திருவிடைமருதூரில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே அவருடைய கிரில் பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கரண்ட் பில்லில் பார்த்ததாக ஞாபகம். தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தக் கம்பியை வளைத்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அரை டிகிரி குறையுது சார்" என்பார். வளைத்ததைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்.

கம்பி வளைப்பதற்கு அவரே செய்த ஒரு ஜிக் இருந்தது. கனமான இரும்புத் தகடு, அதில் நிற்கும் இரண்டு முளை, பக்கத்தில் நீளமான ஒரு கைப்பிடி. முளைகளுக்கு நடுவே கம்பியைச் செருகிக் கைப்பிடியை இழுத்தால் வளையும். கையை விட்டதும் கம்பி கொஞ்சம் பின்வாங்கும். எல்லா இரும்பும் அப்படித்தான். மற்ற பட்டறைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் அதைத் தனக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொள்வார். உடனே முளையைக் கழற்றி, நூலளவு தள்ளிப் புதிதாகத் துளை போடுவார். நான் குடிபோனபோதே அந்தத் தகடு இடியாப்ப அச்சுபோல் ஆகியிருந்தது.

குத்தாலத்துக்காரர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மகன் சிங்கப்பூரில். ஜன்னல் கிரில் வேலையை இவரிடம் கொடுத்திருந்தார். ஐப்பசி மழை வந்துவிட்டது, கிரில் வரவில்லை. ஜன்னலுக்கெல்லாம் யூரியா சாக்கைக் கட்டி வைத்தார். மகன் வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொன்னால் சுவரையே காட்டிக்கொண்டிருந்தாராம். சண்டை போடுவதற்கென்றே ஒருநாள் பஸ் ஏறி வந்தார். அரை மணி நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். போகும்போது என்னிடம், பாவம், இவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று கேட்டுவிட்டுப் போனார்.

காரணம் வீட்டுக்குள் இருந்தது. அரை டிகிரியின் மனைவி தனத்துக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் பாதி மூடியபடியே நின்றுவிட்டது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்பதில் அந்தம்மா பிடிவாதம். இவர் பிசைந்து ஊட்டுவார். நாலு வாய் வாங்கிக்கொண்டு அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மூடிய கையில் நிற்கிற மாதிரி ஒரு ஸ்பூன் செய்துவிட்டால் தனம் தானே வயிறாரச் சாப்பிடுவாள் என்று அரை டிகிரி நம்பினார். ஊரார் கிரில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்பூனின் காம்பை வெட்டிவிட்டு, ஆறு எம்எம் ஸ்டீல் கம்பியைப் பற்றவைத்து, ஜிக்கில் கொடுத்து வளைப்பார். முதல் ஸ்பூன் ரசஞ்சாதத்தைக் காதுக்குக் கொண்டுபோனது. இரண்டாவது தாடையில் இடித்தது. மூன்றாவதற்காக ஒரு முளையை எடுத்துவிட்டுப் பழைய பேரிங் ஒன்றைப் பொருத்தினார். அது மூக்கு வரை வந்தது.

அவர் அளவெடுக்கும் அழகு தனி. மத்தியானம் தனம் தூங்கும்போது, செல்போனில் கோணம் காட்டும் ஆப்பைத் திறந்து, போனை மெதுவாக அந்த மணிக்கட்டின்மேல் வைப்பார். அளவை எழுதிக்கொள்வது என் வேலை. ஒருநாள் போனை வைத்த நேரம் பார்த்துக் குத்தாலத்துக்காரர் கூப்பிட்டுவிட்டார். போன் அலறியது. தனம் கண்ணைத் திறந்தால், எதிரே ஸ்கேலும் பேனாவுமாக இரண்டு ஆம்பிளைகள்.

"தூங்குறப்ப அளவெடுத்தா, தூங்குறப்பதான் சாப்பிட முடியும்" என்றார் தனம்.

தூக்கத்தில் அந்தக் கை தளர்ந்து கிடக்கும். விழித்து எதையாவது எடுக்கப் போனால் விரல்கள் இறுகிக்கொள்ளும். மனிதர் இத்தனை நாள் வேறொரு கைக்கு ஸ்பூன் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அன்றே விழித்த கையை அளந்தார். ஜிக்கில் இன்னொரு துளை விழுந்தது. அடுத்த ஸ்பூன் கைக்குள் அப்படியே உட்கார்ந்தது. தனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஏங்க, இது வேணாங்க. சோத்துக் கரண்டியா செஞ்சு குடுங்க. உங்களுக்கு ஒரு கரண்டி போடாம, நான் மொதல்ல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன். தொண்டையில எறங்கவே மாட்டேங்குது."

கட்டியவனுக்குப் பரிமாறிவிட்டுத்தான் பெண் சாப்பிட வேண்டும் என்கிற வழக்கத்தின்மேல் எனக்குத் துளி மரியாதை கிடையாது. அன்றைக்கும் கோபம்தான் வந்தது. ஒன்றரை வருடமாக இதை வாய்விட்டுச் சொல்லாத அந்தம்மா மேலும், ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்காத இவர் மேலும்.

கரண்டிக்கு எட்டு எம்எம் கம்பி தேவைப்பட்டது. அதற்காக ஜிக்கில் முளைகளின் இடைவெளியை அகலப்படுத்தி, கைப்பிடியை ஒரு முழம் நீட்டினார். நாலு நாள் பட்டறை ஷட்டரைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் தனம், முன்னால் ஸ்டூலில் சோற்றுக் குண்டானும் தட்டும். முதல் கரண்டி பாதி தட்டில் விழுந்தது, பாதி தரையில். இரண்டாவது முழுசாகத் தட்டுக்குள் வந்தது. அரை டிகிரி குழம்பை எடுக்க எழுந்தார்.

"உக்காருங்க. மோர் வரைக்கும் நான்தான் போடுவேன்" என்றார் தனம்.

அதற்கப்புறம் தனமும் சாப்பிட்டார். எத்தனை வாய் என்று நான் எண்ணவில்லை. அரை டிகிரி எண்ணினார், உதடு அசைவதைப் பார்த்தேன்.

கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் அந்த வீட்டில் அப்படித்தான் சாப்பாடு நடந்தது. தனத்தின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. சம்பா அறுப்பு முடிகிற சமயத்தில் இரண்டாவது தடவையாக வாதம் அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைகூடத் தாங்கவில்லை. குத்தாலத்துக்காரர் மாலையோடு வந்து, வெகுநேரம் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கிரிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் மாடிக்குப் போய்த் தனியாக அழுதேன்.

பிறகு எனக்கு மாற்றலாகித் தஞ்சாவூர் வந்துவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனவனை, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அரை டிகிரி உட்கார வைத்துவிட்டார். சமையல் அவருடையது. இலையைப் போட்டுவிட்டு அந்தக் கரண்டியை எடுத்து வந்தார். மூடிய கைக்காக வளைத்தது. நல்ல கைக்கு அடங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சோறு இலைக்கு வெளியே சிதறியது. வேறு கரண்டி இல்லையா என்ற கேள்வி வாய் வரை வந்தது. சிதறியதையெல்லாம் இலைக்குள் கூட்டிப் பிசைந்து சாப்பிட்டேன். இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.