விக்கலுக்கு எத்தனை பேர்

நூற்றியெண்பத்தாறு என்று காட்டியது கம்ப்யூட்டர். கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நூற்றியெண்பத்தாறுதான்.

அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவர்தான் ஒரே புள்ளியியல்காரர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒரு மருந்தைச் சோதிக்க எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருளும் அவர் மேஜையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே வயிற்று டாக்டர் தன் புது மருந்தோடு அவரிடம்தான் வந்தார்.

நாள் கணக்கில் நிற்காத விக்கலுக்கான மருந்து அது. பழைய மருந்தில் நூற்றுக்கு முப்பது பேருக்கு நிற்கிறது, புதியதில் ஐம்பது பேருக்கு நிற்கும் என்பது டாக்டரின் நம்பிக்கை. அந்த வித்தியாசத்தைச் சந்தேகமில்லாமல் காட்ட நூற்றியெண்பத்தாறு பேர் வேண்டும். வருவதோ வருஷத்துக்கு நாற்பது என்று டாக்டரே விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். மாலை நான்கு மணிக்குள் விண்ணப்பம் ஆய்வுக் குழுவின் கையில் இருக்க வேண்டும். இந்த ஆய்வு நடந்தால்தான் கணக்கு சாரின் வேலை இந்த மாதத்தைத் தாண்டும்.

"அஞ்சு வருஷம் ஆகுமே. எனக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட்" என்றார் டாக்டர். "ஏதாவது விட்டுப்போயிருக்கும், நல்லா பாருங்க."

நல்லா பார்த்ததில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பாதியில் நின்றுவிடுபவர்கள் எத்தனை பேர் என்று அது கேட்டது. வார்டு நர்ஸுக்குப் போன் போட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து என்று அவர் யோசிக்காமல் சொன்னார். விக்கல் நின்றவன் மருந்தை மறந்துவிடுவான், நிற்காதவன் கோபித்துக்கொண்டு வரமாட்டான் என்பது அவர் விளக்கம். கட்டத்தை நிரப்பியதும் எண் இருநூற்றிருபது ஆனது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளாவது விக்கல் நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, ஒரு நாள் விக்கலையும் சேர்த்தால் ஆள் நிறைய கிடைப்பார்களே என்றார். கிடைப்பார்கள்தான். ஆனால் ஒரு நாள் விக்கல் பாதிப் பேருக்குத் தண்ணீர் குடித்தாலே நின்றுவிடும். எந்த மருந்து கொடுத்தாலும் பாதிப் பேர் குணமானால், எது நல்ல மருந்து என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். மென்பொருள் கொஞ்சமும் தயங்காமல் நானூறு என்றது.

கணக்கு சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார்.

அடுத்து டாக்டர் தன் பழைய சகாக்கள் வேலை பார்க்கும் நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டார். எல்லோரிடமும் விக்கல் கேஸ் இருந்தது. எல்லோரும் சம்மதித்தார்கள். ஒரே வார்டில் இரண்டு மருந்து வைத்துக் குழப்பிக்கொள்ள மட்டும் யாரும் தயாராக இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்துதான் என்று சொல்லிவைத்த மாதிரி நின்றார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒரே மாதிரி குணமாவார்கள், அதனால் இன்னும் ஆள் வேண்டும் என்று மென்பொருள் அதற்கும் ஒரு சுமை ஏற்றியது.

"எவ்வளவு?" என்றார் டாக்டர், திரையைப் பார்க்காமல்.

"அறுநூறு சார்."

மணி இரண்டரை. டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒண்ணு செய்யுங்க. நம்ம ஆஸ்பத்திரி மட்டும், பழையபடி ரெண்டு நாள் விக்கல். புது மருந்துல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு நிக்கும்னு போடுங்க."

போட்டார். வித்தியாசம் அவ்வளவு பெரிதென்றால் இருபது பேரே போதும் என்றது மென்பொருள். டாக்டரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

கணக்கு சார் இருபதைப் பார்த்தார். ஆறு மாதமாக வேலை தேடி அலைந்த பிறகு கிடைத்த இடம் இது. இருபது என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"சார், உங்க மருந்து நல்ல மருந்தா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"ஆனா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு நிக்காது, ஐம்பது பேருக்குத்தான் நிக்கும். இருபது பேரை வெச்சுப் பார்த்தா அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மருந்து வேலை செய்யலைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குப்பையில போட்டுடுவீங்க."

டாக்டர் பேனாவை மூடி, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்து ஆஸ்பத்திரியும், ஒரு நாள் விக்கலும் சேர்ந்தால் வருஷத்துக்கு முந்நூறு பேர் தேறும். இரண்டு வருஷத்தில் அறுநூறு. டாக்டரின் ரிட்டயர்மெண்டுக்குள் முடிந்துவிடும். டாக்டர் கையெழுத்துப் போட்டார். வெளியே போகும்போது கணக்கு சாரின் தோளை ஒரு தட்டு தட்டினார்.

மிச்சம் ஒரே ஒரு வேலை. போன வருஷம் வந்த நோயாளிகள் நாற்பது பேர் என்பதற்குப் பதிவேட்டு அறையின் முத்திரை வேண்டும். மூன்றே முக்காலுக்கு அங்கே போய் நின்றபோது கணக்கு சாருக்கு மூச்சு வாங்கியது, மனசு லேசாக இருந்தது. பதிவேட்டு அம்மா முத்திரையை எடுத்து வைத்துவிட்டு, நிதானமாக நோட்டைப் புரட்டத் தொடங்கினார். அந்த இடைவெளியில் கணக்கு சார் ஐந்து ஆஸ்பத்திரிகளின் பெயரையும் அடுக்கி, அறுநூறு பேர் கணக்கையும் பெருமையாகச் சொல்லி முடித்தார்.

அந்த அம்மா ஒரு பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே செய்தார். பிறகு முத்திரையை டப்பாவுக்குள் திரும்ப வைத்தார்.

"நாற்பது பேர் இல்ல சார், ஒரே ஆள்தான் நாற்பது தடவை வந்திருக்கார், நம்மகிட்ட சரியாகலைன்னு இப்போ நீங்க சொன்ன அந்த நாலு ஆஸ்பத்திரிக்கும் போயிட்டிருக்கார்."