விசிலக்காவின் லீவு

ஹைதராபாத் முழுக்கத் தேடினாலும் விசிலக்காவைப் போல் கம்பீரமாக லீவு எடுக்கிறவளைப் பார்க்க முடியாது. பட்டான்செருவில் மாத்திரை பேக் செய்யும் கம்பெனியில் நாங்கள் ஏழு பெண்கள் ஒரே மேசை. அவளுக்கு ஆஸ்துமா. ஆள் வருவதற்கு முன் நெஞ்சு விசிலடித்துக்கொண்டு வந்துவிடும். என்னைவிட இரண்டே வயசு சின்னவள். அவளை எல்லோரும் அக்கா என்பார்கள், என்னை ஆன்ட்டி என்பார்கள்.

நான் அதிகம் படிக்காதவள். ஆனால் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து விடுபட்ட நாள் கிடையாது. லீவே போடாதவர்களுக்கு வருஷக் கடைசியில் கம்பெனி ஒரு எவர்சில்வர் தூக்குவாளி தரும். என் வீட்டில் பதினொன்று இருந்தது. பன்னிரண்டாவதற்கு அலமாரியில் இடம் துடைத்து வைத்திருந்தேன்.

அவளோ, "நாளைக்குப் பனி விழும் சார், வரமாட்டேன்" என்று முதல் நாளே அறிவிப்பாள். மறுநாள் எதிரே வரும் பஸ் தெரியாது. ஒருமுறை சூப்பர்வைசர் கத்த ஆரம்பித்தார். விரலைக் காட்டி நிறுத்தினாள். பம்ப்பை வாயில் வைத்து உறிஞ்சி, மூச்சை அடக்கி, பத்து வரை விரல் மடக்கி, "இப்போ திட்டுங்க சார்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியதே இல்லை.

அவள் வராத நாளில் அவள் பங்குப் பெட்டிகளை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நான் மட்டும் தொடமாட்டேன். சாயங்காலம் பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு கூட்டமாக அவள் வீட்டுக்குப் போவார்கள். வேலைக்குத் திரும்பியதும் அவள் எல்லோருக்கும் கடலைமிட்டாய் தருவாள். எனக்கும் தருவாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. தூக்குவாளி போனால் போகட்டும், எனக்கு எத்தனை பேர் வருகிறார்கள் பார்ப்போம் என்று, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்தேன். ஆறு டம்ளர் கழுவிக் கவிழ்த்தேன்.

ஐந்தரை ஆயிற்று. ஆறரை ஆயிற்று. ஈ காக்காய் வரவில்லை. அப்புறம் மாடிப்படியில் விசில் கேட்டது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு படிக்கு ஒரு விசில்.

"மத்தவளுக எங்கட்டீ?" என்றேன்.

"யாரும் நம்பலக்கா. ஆன்ட்டிக்காவது காய்ச்சலாவது, எங்கயோ கல்யாணத்துக்குப் போயிருக்கும்னுட்டாளுவ."

"நீ நம்புனியா?"

என் நெற்றியைத் தொட்டாள். டம்ளர்களைப் பார்த்தாள். "சீக்காளிக்கிட்டயேவா? காய்ச்சக்காரி ஆறு டம்ளர் கழுவி வைப்பாளா?"

எனக்கு மானம் போயிற்று. அவளோ கட்டிலில் உட்கார்ந்து பாடமே எடுத்தாள். "நாளைக்குக் காதுல பஞ்சு வச்சுக்கோங்க. குரல இறக்கிப் பேசுங்க. சிரிச்சிராதீங்க."

"நம்பாம எதுக்குட்டீ மூணு மாடி ஏறி வந்த?"

"தூக்குவாளிய விட்டுட்டுப் படுத்திருக்கீயளே. காய்ச்சல விடப் பெரிய நோவால்லா இருக்கணும்" என்று ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்தாள்.

மறுநாள் காதில் பஞ்சோடு போனேன். விசிலக்கா வரவில்லை. மூன்று மாடி அவள் நெஞ்சைப் பிடித்துவிட்டது.

"விசிலம்மா ராலேதா?" என்று சூப்பர்வைசர் தெலுங்கில் கேட்டார்.

"வரமாட்டா சார். அவ பெட்டி அம்புட்டையும் இங்க தள்ளுங்க" என்றேன்.

சாயங்காலம் மற்றவர்கள் பழக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஆட்டோ பிடித்துவிட்டேன். அவள் தலைமாட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அவர்கள் வந்தபோது அதில் நான் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அதை ஒருத்திக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.