அறிதுயில் கொண்ட நூறு இணைப்புகள்

இவ்வுலகில் தவம் அருகிவிட்டதென்று வருந்துவோர் அந்தக் கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு ஒருமுறை எழுந்தருள வேண்டும். அங்கே குளிரூட்டிய கண்ணாடி அறையில், ஒரு கரும்பெட்டிக்குள், எவ்வினையும் புரியாது நூறு இணைப்புகள் அறிதுயில் கொண்டிருந்தன.

நோயாளி ஒருவர் வலைத்தளத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்டால், அவ்வேண்டுகோள் தரவுத்தளத்துக்குள் நுழைய இந்த நூறு இணைப்புகளே வாயில்கள். பிற இடங்களில் உள்ள அவசரக்கார இணைப்புகள் உள்ளே போய், நாளைப் பூட்டி, பெயரை எழுதி, ‘முடிந்தது’ என்று சொல்லி ஒரே நொடியில் வெளியேறிவிடும். இங்கோ மரபு வேறு. நாளைப் பூட்டிய இணைப்பு, மேலதிகாரிகள் ஐவரும் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தும்வரை வாயிலிலேயே நின்றிருக்கும். பூட்டையும் விடாது, வாயிலையும் விடாது. இப்பணிவை வடித்தெடுத்த தலைமை நிரலாளருக்கு அலுவலகமே சூட்டிய பெயர் ‘சிற்பி’.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தரவுத்தளக் காப்பாளருக்கு அவள் தந்தையிடமிருந்து அழைப்பு வந்தது.

“அம்மாடி, ஆபரேஷனுக்கு நாள் கேட்டா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.”

“மூடிட்டு மறுபடி திறந்து பாருங்கப்பா.”

“ஆறு தடவை திறந்தாச்சு. என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன். உங்க அம்மா பார்த்தாலும் சுத்துதாம்.”

வியாழக்கிழமைக்கு ஓரிடமே எஞ்சியிருந்தது. நண்பகலோடு பதிவு நிறைவுறும். பின்னர் மருத்துவருக்கு மூன்று மாத விடுப்பு. அதுவரை தந்தையின் வலக்கண்ணில் பார்வை தங்காதென்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

அவள் திரையை நோக்கினாள். நூறில் மூன்று இணைப்புகள் உழைத்துக்கொண்டிருந்தன. தொண்ணூற்றேழு, தொடங்கிய பரிவர்த்தனையை முடிக்காமல், வாளா அமர்ந்திருந்தன. அவற்றுள் மூத்தது நான்கு நாள் தவத்தில் இருந்தது.

“தொண்ணூத்தேழு கனெக்‌ஷன் சும்மா உட்கார்ந்திருக்கு சார்,” என்றாள் சிற்பியிடம்.

“ஏதாவது பிழை காட்டுதா?”

“இல்ல சார்.”

“சத்தம் போடுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்னம்மா குறை? நம்ம ஆபீஸ்ல இவ்வளவு அடக்கமா வேற யாரு இருக்கா?”

ஆயினும் சிற்பி கடமை தவறாதவர். உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். ‘வாயில்களின் விரிவாக்கம்’ குறித்து நாற்பது நிமிடம் ஆழ்ந்து ஆராய்ந்தபின், நூறை இருநூறாக்குவதென ஒருமனதாகத் தீர்மானித்தனர். புதிய நூற்றுவரும் மூத்தோர் வழிநின்று ஏழே நிமிடத்தில் நிட்டையில் ஆழ்ந்தனர். கூட்டக் குறிப்பில் ‘கொள்ளளவு இரட்டிப்பு’ என்று பதிவாயிற்று.

அவள் வேறு வழி தேடினாள். வியாழக்கிழமையின் அந்த ஓரிடத்தைப் பூட்டி வைத்திருப்பது எதுவென்று பார்த்தாள். நான்கு நாள் மூத்த அந்தத் தவசீலர்தான். அதன் மறுமுனை இயக்குநரின் மேசையில் இருந்தது.

மணி பதினொன்றே முக்கால். இயக்குநரின் திரையில் பதிவுப் படிவம் பாதி நிரம்பித் திறந்து கிடந்தது.

“அதுவா? என் மச்சானுக்கு எடுத்து வெச்சேன்மா. வரலாமா வேண்டாமான்னு யோசிக்கிறான்.”

“அவருக்குக் கண்ணுல என்ன சார்?”

“ஒண்ணுமில்ல. அதனாலதான் யோசிக்கிறான்.”

“அந்தப் பக்கத்தை மூடிட்டாலே போதும் சார். இடம் வெளிய வந்துடும்.”

இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார். “மூடிட்டா நான் ஏதோ முடிவெடுத்த மாதிரி ஆயிடாதா?”

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். சும்மா இருக்கும் இணைப்புகளைத் துண்டித்து, ஒப்புதலுக்குக் காத்து நிற்கும் மரபையும் நிறுத்த ஒருவரிக் கட்டளை போதும். அதற்கு முன்னனுமதி வேண்டும். முன்னனுமதிக்கான படிவத்தைத் திறந்தாள். வட்டம் சுழன்றது.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு அவள் அந்த ஒருவரியைத் தட்டினாள்.

தவங்கள் யாவும் ஒருங்கே கலைந்தன. இருநூறு வாயில்களும் திறந்துகொண்டன. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தொலைபேசி ஒலித்தது.

“அம்மாடி, வட்டம் நின்னுடுச்சு. வியாழக்கிழமை காலையில எட்டு மணின்னு போட்டிருக்கு. சரியா பார்க்கிறேனான்னு உங்க அம்மாவைப் படிக்கச் சொன்னேன். சரிதானாம்.”

பிற்பகலில் குற்றக் குறிப்பாணை ஆயத்தமானது. ‘யாரையும் மறுத்தறியாத இந்நிறுவனத்தின் நெடுநாள் விருந்தோம்பலைக் குலைத்தமை, உரிய அனுமதியின்றி ஒரு செயலை முடித்தமை, அதனால் சொந்தத் தந்தை பயனடைந்தமை’ என மூன்று குற்றங்கள். தண்டனை, பணிநீக்கம். இதற்கும் மேலதிகாரிகள் ஐவரின் ஒப்புதல் தேவைப்பட்டது.

ஆணை அவள் மேசைக்கு வந்தபோது, மூன்று மணித் தேநீரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஐந்து ஒப்புதல்களும் அதில் இருந்தன. முதல் ஒப்புதலுக்கும் கடைசி ஒப்புதலுக்கும் இடையே நான்கு நிமிடம்.

கொண்டுவந்த சிற்பி சங்கடத்தோடு நின்றார். “ஏதாவது சொல்றதுன்னா எழுத்துல கொடுக்கலாம்மா.”

அவள் ஐந்து கையொப்பங்களையும் ஒவ்வொன்றாக, பொறுமையாகப் பார்த்தாள்.

“இவங்க இவ்வளவு வேகமா கையெழுத்துப் போடுவாங்கன்னு தெரியாம போச்சு சார். தெரிஞ்சிருந்தா, கண்ணு தெரியாம காத்துக்கிட்டிருந்த அத்தனை பேர் மேலயும் ஆளுக்கொரு குற்றக் குறிப்பாணை எழுதி அனுப்பியிருப்பேன்.”