நட்சத்திரம் வெடித்ததற்கு ஒப்புதல்

நட்சத்திரம் வெடிப்பது இயற்கையின் வேலை. வெடித்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது நிர்வாகத்தின் வேலை. இரண்டில் எது கடினம் என்பதைக் குஷாய்குடாவின் விண்துகள் மையம் அந்த வெள்ளிக்கிழமை உலகுக்கு உணர்த்தியது.

ஏசிக்கு நேர் கீழே இயக்குநர் ஜம்புநாதன். வலப்புறம், முந்திரித் தட்டு கைக்கெட்டும் தூரத்தில், நிர்வாக அதிகாரி பத்ரிநாராயணன். இடப்புறம், புதிதாக வாங்கிய ‘உலகத் தரச் சான்றிதழை’ மடியில் ஏந்தியபடி தர மேலாளர் ராகவேந்திரா. கதவோரம் ஸ்டூலில், கருவியை உருவாக்கிய சுபாஸ்ரீ.

சற்றுமுன் அந்தக் கருவி அலறியிருந்தது. நட்சத்திரம் வெடித்தால் நியூட்ரினோ துகள்கள் முந்திக்கொண்டு வரும்; வெளிச்சம் சில மணி நேரம் பிந்தித்தான் வரும். அதற்குள் சேதி சொன்னால் உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் திரும்பி முதல் வெளிச்சத்தைப் பிடித்துவிடும். பொத்தானை அழுத்தினால் போதும், சேதி போய்விடும். ஐந்து வருஷமாக சுபாஸ்ரீ காத்திருந்தது இதற்காகத்தான்.

“அழுத்திடட்டுமா சார்?”

ஜம்புநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். மையத்தின் பெயர் உலகெங்கும் போகும் முதல் சேதி, அசட்டுத்தனமாக அனுப்பலாமா? “ராகுகாலம்மா. பன்னெண்டு அடிக்கட்டும். நட்சத்திரம் எங்கே ஓடிடப் போறது?”

“வெளிச்சம் வந்துடும் சார்.”

“வரட்டுமே, நல்லதுதானே?”

பன்னிரண்டும் அடித்தது. வெடிப்பு என்பது ‘திட்டமிடப்படாத நிகழ்வு’ என்று ராகவேந்திரா நினைவூட்டினார். காரணமும் பொறுப்பாளரும் குறிக்கப்படாமல் எதுவும் வெளியே போகக்கூடாதாம். “ஹவ் சார், ஆமா சார், ப்ராசஸ்னா ப்ராசஸ்தான்.” நட்சத்திரத்தின் பொறுப்பாளர் யார் என்று சாப்பாடு வரைக்கும் விவாதித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகும் விவாதித்தார்கள். சுபாஸ்ரீ எழுந்தபோதெல்லாம் ‘உட்காரும்மா’ என்று அன்போடு உட்கார வைத்தார்கள். ஒருவழியாக ஒப்புதல் கிடைத்தபோது எமகண்டம் பிறந்துவிட்டது.

அப்போதுதான் தொலைபேசி வந்தது. தென் அமெரிக்காவில் யாரோ ஒரு பல் வைத்தியர், மொட்டைமாடியில் நின்று, அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். உலகமே அவரைக் கொண்டாடுகிறதாம்.

ஜம்புநாதன் கண்ணை மூடி யோசித்தார். தவறு நடந்திருக்கிறது. நட்சத்திரத்தின் மேல் தவறில்லை. ராகுகாலத்தின் மேல் இருக்கவே முடியாது. கண்ணைத் திறந்தபோது பார்வை கதவோரம் போய் நின்றது.

‘உரிய நேரத்தில் எச்சரிக்கத் தவறியது ஏன்?’ என்று அவர் சொல்லச் சொல்ல, பத்ரிநாராயணன் முந்திரி உப்பைத் துடைத்துவிட்டுத் தட்டச்சு செய்தார். மூன்று கையெழுத்தும் விழுந்து முடிந்தபோது மேஜையில் டீ ஆறியிருக்கவில்லை.

“இப்போ எமகண்டமாச்சே சார்,” என்றாள் சுபாஸ்ரீ.

“ஆபீஸ் வேலைக்கெல்லாம் அது பார்க்க முடியுமாம்மா?”

உறையை ஒட்டி அரக்கு வைத்தார்கள். பியூன் அதை எடுத்துக்கொண்டு, அவளுடைய ஸ்டூலைச் சுற்றிக் கடந்து, அவளுடைய வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் சேர்க்க ஓடினான்.