மூச்சை விழுங்கும் வைரம்

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழி மாதம், திருவொற்றியூரில் வைரத்துக்கே கிரகம் பிடித்தது. வைரானந்தர் என்றொரு சாமியார் சத்திரத்தில் வந்து இறங்கினார். கல்லின் தோஷத்தை ஊதியே கண்டுபிடிப்பாராம். வைரம் உள்ளவர்கள் வரிசையில் நின்றார்கள். இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

காத்திவாக்கத்துப் பூவம்மாவிடம் இருந்த ஒரே சொத்து, அம்மா விட்டுப்போன ஒற்றைக்கல் வைர மூக்குத்தி. புருஷன் கோதண்டம் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். பயப்பட அது போதாதா? சிநேகிதி ஜீனத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஜீனத் மண்ணடியில் கவரிங் நகைக்குக் கல் பதிக்கிறவள்.

சாமியார் மூக்குத்தியைப் பானைத் தண்ணீரில் முக்கித் துடைத்து, அதன்மேல் ஊதினார். படிந்த ஆவி கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தது.

"பார்த்தாயா! மூச்சை விழுங்கும் கல். நாளைக்கு உன் புருஷன் மூச்சையும் விழுங்கும்."

பூவம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமியார் தம் பெட்டியிலிருந்து வேறொரு கல்லை எடுத்து, அதையும் முக்கித் துடைத்து ஊதினார். ஆவி அப்படியே நின்றது.

"இது ஆயுள் கல். அதைக் கொடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்."

என்ன பெரிய மனசு! ஊர் தோஷத்தையெல்லாம் தாமே வைத்துக்கொள்கிறாராம்.

"குட்த்துட்றேன் சாமி!" என்ற பூவம்மாவின் கையை ஜீனத் பிடித்தாள்.

"கொஞ்சம் இரு பூவு." பையிலிருந்து மூன்று கற்களை எடுத்தாள். "இது கண்ணாடி. இது மெஷின்ல செஞ்ச வெள்ளைக்கல்லு. இது இப்போ புச்சா வந்துகீற அமெரிக்கன் டைமண்டு. மூணும் போலிதான். ஆனா ஷோக்காத்தான் கீது, ஆசைப்பட்டா போட்டுக்கலாம். நனைச்சித் தொடச்சி ஊதிப் பாரு."

பூவம்மா ஊதினாள். மூன்றிலும் ஆவி நின்றது.

"நெஜ வைரத்துலதான் சூடு சட்டுனு பரவும். அதான் ஆவி நிக்காது. கல்லு பாக்கறவங்க அல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. சாமி நல்ல வைரமாப் பாத்துப் பொறுக்கிகினு கீறாரு!"

"நாத்திகம் பேசாதே!" சாமியார் விரலை நீட்டினார். அதில் ஒற்றைக்கல் மோதிரம் பளிச்சென்றது.

அதுவரை பயந்துகொண்டிருந்த பூவம்மா, அந்தக் கையைப் பிடித்துப் பானைக்குள் அமுக்கினாள். வெளியே இழுத்து, முந்தானையால் துடைத்து, மோதிரத்தின்மேல் ஊதினாள். ஆவியைக் காணோம்.

"இன்னா சாமி, உன் மூச்சை மட்டும் இந்தக் கல்லு முழுங்காதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூவம்மா தன் மூக்குத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். ஏற்கெனவே கல்லை மாற்றியிருந்த நாலு பெண்கள் பெட்டியைக் கவிழ்த்து அவரவர் தோடு, மூக்குத்தியைத் தேடி எடுத்தார்கள். சாமியார் ஈரக் கையோடு பஸ் ஏறினார்.

இப்போது எண்ணூரில் முத்துக்குத் தோஷம் கழிக்க ஒருவர் வந்திருக்கிறாராம். அங்கே வரிசையில் நிற்கக் கிளம்பியிருக்கும் புண்ணியவான்களே, காலுக்கு மட்டும் வேலை கொடுத்தால் எப்படி? தலையும் சும்மாதானே இருக்கிறது!