பதினான்கு மில்லிமீற்றர்

"மேற்குச் சுவர் பதினாலு மில்லிமீற்றர் வெளிப்பக்கம் சரிஞ்சு நிக்குது, மச்சான்," என்றான் எமில்ராஜ், கையிலிருந்த ஸ்கானர் திரையைப் பார்த்தபடி.

"நேராத்தான் நிக்குது," என்றான் றஜிந்தன். சுவரோரம் தூக்குக்குண்டைப் பிடித்தபடி நின்றான். "வேணுமெண்டா வந்து பாரும்."

எமில்ராஜ் போய்ப் பார்த்தான். குண்டு ஆடாமல் தொங்கியது. நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒன்றுதான். திரும்பித் திரையைப் பார்த்தான். பதினான்கு. சிவப்பு நிறத்தில்.

கொக்குவிலில், உயர்ந்த மதில் சூழ்ந்த ஒரு வளவுக்குள் அந்த ஒற்றை அறை நின்றது. கூரை இல்லை, நாலு சுவர் மட்டும். ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்குச் சொந்தமானது. மேசனும் ரோபோக் கையும் அருகருகே நின்று சுவர் பூச வேண்டும். ஸ்கானர் அளந்து, கணினியில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, வேலை சரியா பிழையா என்று சொல்லும். மேற்பார்வைக்கு எமில்ராஜ். கட்டாரிலிருந்து திரும்பி இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவனுக்குக் கிடைத்த ஒரு மாத ஒப்பந்தம். நன்றாகச் செய்தால் நீடிக்கும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். மேசனை நீங்களே பிடியுங்கள் என்றார்கள். மனைவி சுவர்ணாவின் அண்ணன் றஜிந்தனையே பிடித்தான்.

முதலில் ரயிலைச் சந்தேகித்தான். தண்டவாளம் கிட்டத்தான். ரயில் போய் மண் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அளந்தான். பதினான்கு.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மதுரா ஒரு மூலையில் மடிக்கணினியோடு இருந்தாள். அவளிடம் போனான்.

"மிஸ், மேசன் நேர் எண்டுறார். ஸ்கானர் சரிவு எண்டுது. என்ன செய்ய?"

"நீங்கள்தானே மேற்பார்வை. முடிவை நீங்கள் எடுங்கோ, அண்ணை."

முடிவெடுத்தான். சுவரின் மேல்பக்கம் பூச்சைத் தடிப்பாகப் போட்டுச் சரிவை நிரப்புவது.

"நேர்ச் சுவரைக் கோணலாக்கச் சொல்லுறீர்," என்றான் றஜிந்தன்.

"மெசின் சொல்லுது, மச்சான்."

ரோபோக் கை பூசத் தொடங்கியது. ஆள் ஒரு முழத்துக்குள் வந்தால் அது நின்றுவிடும். நின்று, "தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று பெண் குரலில் சொல்லும். றஜிந்தன் விலகித்தான் நின்றான். இடுப்பில் கட்டியிருந்த சாரம்தான் காற்றில் ஆடி அந்த முழத்துக்குள் போய்வந்தது. முதல் நாள் முழுக்க அது நாற்பது தடவை நின்றது.

"என்ரை மனிசிகூட இவ்வளவு மரியாதையாய்த் துரத்திறேல்லை," என்றான் அவன்.

மறுநாள் காற்சட்டையோடு வரச் சொன்னான் எமில்ராஜ். வந்தான். காற்சட்டை மகனுடையது. குனிய முடியாமல் கீழ்ப்பக்கத்தைப் பூசாமல் விட்டான்.

மூன்றாம் நாள் பின்னேரம் வேலை முடிந்தது. ஸ்கானர் பச்சை காட்டியது. அந்த மாதத்தில் எமில்ராஜ் சிரித்த ஒரே நாள் அதுதான்.

அடுத்த நாள் காலை யன்னல் திறபடவில்லை. தடித்த பூச்சு நிலையின் மேல்பாதியை விழுங்கியிருந்தது. அளந்து பார்த்தான். யன்னல் நிலையும் பதினான்கு மில்லிமீற்றர் சரிவு என்றது ஸ்கானர்.

"பாத்தியளோ? யன்னலும் சரிவு."

"அது ஓடாவி மரம் சீவி வைச்ச நிலை. அந்தாளும் பிழை விட்டவரோ?"

"யன்னலைச் சுத்திக் கொத்துங்கோ, மச்சான்."

றஜிந்தன் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். பாரம் தாங்காத பூச்சு முழுவதும் பாயைப்போலச் சுருண்டு கீழே விழுந்தது. பாதி ரோபோக் கைக்கு மேல். புழுதிக்குள்ளிருந்து குரல் வந்தது: "தயவுசெய்து விலகி நிற்கவும்."

றஜிந்தன் சிரித்துவிட்டான். எமில்ராஜால் சிரிக்க முடியவில்லை. மூன்று நாள் உழைப்பு காலடியில் கிடந்தது. மூலையில் மதுரா தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இது பகிடி," என்றான். "சுவர் நேர், சுவர் நேர் எண்டு நிண்டியள். நீங்கள் கட்டின எங்கடை குசினியே உப்பிடித்தான் கோணிக்கொண்டு நிக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. அந்தச் சமையலறையைத் தங்கைக்காக, ஒவ்வொரு ஞாயிறும் வந்து, தனியாளாகக் கட்டிக் கொடுத்தவன் றஜிந்தன்.

அவன் சாந்துக் கரண்டியைக் கழுவினான். தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று பின்னேரமே செய்தி சுவர்ணாவுக்குப் போயிருந்தது. சோறு போட்டாள். கறிச்சட்டியை மேசையில் வைத்த சத்தத்தில் மிச்சம் விளங்கியது.

எமில்ராஜ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தன் பக்க நியாயத்தைக் காட்ட ஸ்கானரை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினிச் சுவரை அளந்தான்.

"இஞ்சை பார்! இதுவும் பதினாலு!"

சுவர்ணா திரையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"அப்ப இதையும் இடிக்கப்போறியளோ?"

அதன்பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை எமில்ராஜ் றஜிந்தனின் வீட்டுக்குப் போனான். படலையடியில் நின்ற அவன் மனைவி, "அவர் குளிக்கிறார்," என்றாள். ஒரு மணித்தியாலம் கழித்துப் போனான். இன்னும் குளித்துக்கொண்டிருந்தான். ஞாயிறும் குளித்தான்.

வேறு மேசன் தேடியே மாதம் போனது. இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரும் சுவர் நேர் என்றார்கள். றஜிந்தன் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று எமில்ராஜ் முடிவுகட்டினான். ஒப்பந்தம் முடிய மூன்று நாள் இருந்தது. இனி ஒரேயொரு வழிதான்: சுவரை இடித்துவிட்டு முதலில் இருந்து கட்டுவது.

கூலிக்குப் பிடித்த இரண்டு பேரும் சம்மட்டியோடு தயங்கினார்கள்.

"ஐயா, நல்ல சுவர் போலை கிடக்குது."

"அடியுங்கோ," என்றான்.

நல்ல சுவர்தான் போலும். விழ ஒரு முழுநாள் எடுத்தது. திரும்பக் கட்ட நாளும் இல்லை, மேசனும் இல்லை.

கடைசி நாள் மதுரா கற்குவியலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இடிச்சது உங்கடை முடிவுதானே, அண்ணை?"

"ஓம், மிஸ்."

"ஒருத்தரும் உங்களைத் தடுக்கேல்லையோ?"

"எல்லாரும் தடுத்தவை, மிஸ். ஸ்கானர் மட்டும்தான் தடுக்கேல்லை."

அவள் நெடுநேரம் தட்டச்சுச் செய்தாள். பிறகு கணினியை மூடினாள்.

"நன்றி, அண்ணை. உங்கடை பகுதி முடிஞ்சுது."

அவள் போன பிறகு எமில்ராஜ் ஒரு கல்லின்மேல் குந்தினான். வீட்டுக்குப் போய்ச் சுவர்ணாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொன்னாலும் அவள் பதில் சொல்லப்போவதில்லை. வளவைக் கூட்டித் தேநீர் போடும் தங்கமுத்து விளக்குமாறோடு வந்து, கற்குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அக்கா, என்ரை இடத்துக்கு வேறை ஆள் எடுக்கினமோ?"

"திங்கக்கிழமை ஒராள் வாறார், தம்பி."

"அவராவது இந்த வேலையைச் சரியாச் செய்யட்டும்."

தங்கமுத்து வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கடை முறை முடிஞ்சுது, இனிச் சொன்னால் குற்றமில்லைத் தம்பி: சுவர் நேர்தான், மெசினைத்தான் பொய் சொல்ல வைச்சிருக்கினம், வாறவை அதை எத்தினை நாளிலை கண்டுபிடிக்கினம் எண்டு பாக்கிறதுதான் உந்த மதுராப் பிள்ளையின்ரை ஆராய்ச்சி, உங்களுக்கு முதல் வந்த ஆறு பேரும் ரெண்டாம் நாளே பிடிச்சிட்டினம், இப்ப திங்கக்கிழமை வாறவருக்கு அளக்கச் சுவர் இல்லை."