டாக்டர் இதோ வந்துடுவார்

செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று டோக்கன் அக்கா பார்த்தாள்.

போயிருக்க வேண்டிய இடம், அவளைப் போலவே கம்ப்யூட்டர் கேம் செய்து பழகுகிற இருபத்தேழு பேரின் குழு. போன இடம், அவள் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிற பல் மருத்துவமனையின் நோயாளிகள் பட்டியல். "நாளை உங்களுக்கு நேரம் குறித்திருக்கிறோம், மறக்காமல் வரவும்" என்று தினமும் நினைவூட்டல் போகுமே, அதே பட்டியல். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

போன செய்தி இது: "நண்பர்களே, இன்னைக்குப் பகல் பன்னிரண்டு மணியோட முடியுது. தயவுசெஞ்சு என் கேமை ஆடிப் பாத்துட்டு மனசுல பட்டதை அப்படியே எழுதுங்க. டாக்டரைத் திட்டணும்னு தோணினா தாராளமாத் திட்டுங்க."

கீழே கேமின் முகவரி.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. கை மட்டும் ஓடியது. ஓடிப் போய் அவசரத்தில் நீக்கியது. எல்லோரிடமிருந்தும் நீக்கவா, உனக்கு மட்டும் நீக்கவா என்று போன் பணிவாகக் கேட்டதற்கு, பதற்றத்தில் இரண்டாவதை அமுக்கிவிட்டாள். இப்போது அந்தச் செய்தி முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் இருந்தது. இல்லாத ஒரே ஆள் அவள்தான்.

மணி பத்தே முக்கால்.

அது என்ன கேம் என்று சொல்லிவிடுகிறேன். கேம் ஜாம் என்று ஒரு போட்டி. வெள்ளிக்கிழமை ஒரு தலைப்பு கொடுப்பார்கள். திங்கட்கிழமை காலைக்குள் ஒரு கேமைச் செய்து எல்லோர் முன்னாலும் வைத்துவிட வேண்டும். அடுத்த வெள்ளி பகல் வரை யார் வேண்டுமானாலும் பெயரைப் பதிந்துகொண்டு ஆடலாம், நிறை குறை எழுதலாம், ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாம். இருபது பேராவது மதிப்பெண் போட்டால்தான் தரவரிசையில் பெயர் வரும். இல்லாவிட்டால் கேம் செய்ததும் ஒன்று, செய்யாமல் தூங்கியதும் ஒன்று.

இந்த முறை தலைப்பு 'காத்திருப்பு'. அதைப் பார்த்ததும் டோக்கன் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாக அவள் செய்கிற உத்தியோகமே அதுதானே!

'டாக்டர் இதோ வந்துடுவார்' என்று கேமுக்குப் பெயர் வைத்தாள். ஆடுகிறவர்தான் டோக்கன் கொடுக்கும் பெண். வெளியே நோயாளிகள் குமுறுவார்கள். உள்ளே டாக்டர் காபி குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். சாக்குகளின் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆட்களைச் சமாளிக்க வேண்டும். ஒரு தடவை சொன்ன சாக்கு மறு தடவை செல்லாது. அசல் டாக்டருக்கு மீசை கிடையாது என்பதால் கேம் டாக்டருக்கு மீசை வைத்தாள். ஆனால் காலில் கிடந்த பச்சைச் செருப்பை மாற்ற மறந்துவிட்டாள்.

நாற்பத்திரண்டு வயதில், இரண்டு வருட மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் கற்றுக்கொண்டு செய்த முதல் கேம். நீ முதலில் மற்றவர்களுக்குக் கருத்து எழுது, பிறகு அவர்கள் உனக்கு எழுதுவார்கள் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதை நம்பி நாற்பத்து மூன்று கேம்களை ஆடி, ஒவ்வொன்றுக்கும் பத்து வரி எழுதினாள். பதிலுக்கு மதிப்பெண் போட்டவர்கள் ஒன்பதே பேர். அதில் ஒருவர் அவள் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர்.

"நான் ஒருத்தன் போட்டா இருபது பேர் போட்ட மாதிரி இல்லையா?" என்று கேட்டார்.

"அது வீட்டுல. அங்க ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

வேலையில் தைரியமாகச் சொன்னது உள்ளே டாக்டருக்கு உதவி செய்கிற நர்ஸ் பெண்ணிடம் மட்டும்தான். "சூப்பர்க்கா! தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன்" என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள்.

இன்னொருவர் இருந்தார். 'சும்மா வந்தவன்' என்ற பெயரில் திங்கட்கிழமையே ஆடி, நீளமாக எழுதியிருந்தார். "கேம் அருமை. டாக்டர் பாத்திரம்தான் நம்பும்படியாக இல்லை. ஆட்களைக் காக்க வைத்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் டாக்டர் உலகத்தில் எங்கே இருக்கிறார்?"

டோக்கன் அக்கா சுடச்சுடப் பதில் போட்டாள். "இருக்கிறார். எங்கள் இடத்துக்கு வந்தால் காட்டுகிறேன். டோக்கன் எடுக்க வேண்டியிருக்கும்."

செவ்வாய்க்கிழமை அவரே மறுபடி எழுதினார். "எட்டாவது லெவலில் மாட்டிக்கொண்டேன். எந்தச் சாக்கும் செல்ல மாட்டேன் என்கிறது. ஒரு குறிப்பு கொடுங்களேன். தாண்டிய பிறகுதான் மதிப்பெண் போடுவதாக இருக்கிறேன்."

புதன், வியாழன் இரண்டு நாளும் கெஞ்சினார். அவள் அசையவில்லை. முகம் தெரியாத ஒருவர் தன் கேமோடு இப்படி மல்லுக்கட்டுகிறார் என்பதே அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருத்தர் பச்சைச் செருப்பை அடையாளம் கண்டு டாக்டரிடம் போட்டுக் கொடுத்தால் போதும், வேலை போய்விடும்.

அடுத்த செய்தியை யோசித்து அனுப்பினாள். "முன்பு வந்த செய்தியைத் தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம்."

அதுவரை திறக்காமல் இருந்தவர்களெல்லாம் திறந்தார்கள்.

மூன்றாவதை இன்னும் யோசித்து அனுப்பினாள். "அந்தச் செய்திக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தம் இல்லை. சந்தேகம் இருந்தால் நேரில் கேட்கவும்."

அரை மணி நேரத்தில் நேரில் வர ஆரம்பித்தார்கள்.

கூடத்தில் ஏற்கெனவே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் டாக்டர் இரண்டு பேரைப் பார்த்ததோடு சரி; மூன்றாவது டோக்கனைக் கூப்பிடவே இல்லை. இந்த வாரம் முழுக்கவே இப்படித்தான். ஓர் ஆளைப் பார்ப்பார், கதவு சாத்திக்கொள்ளும், அரை மணிக்கு அசைவே இருக்காது. நர்ஸ் பெண் மட்டும் தலையை நீட்டி, "கொஞ்ச நேரம் ஆகுமாம்க்கா" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மூன்றாவது டோக்கன், பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெரியவர். போனில் எதையோ அமுக்கிக்கொண்டே எழுந்து வந்தார்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"டாக்டர் எக்ஸ்ரே பாத்துக்கிட்டிருக்கார் சார்."

"என் எக்ஸ்ரேயா? எனக்குத்தான் வாயில பல்லே இல்லையே!" என்றவர் போனை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். "இரு இரு. இது நாலாவது லெவல்ல வர்ற பொய்யில்ல?"

டோக்கன் அக்கா அடுத்த சாக்கை எடுத்துவிட்டாள். "இல்ல சார்... கருவியெல்லாம் கொதிக்க வெச்சிருக்கு."

"அது ரெண்டாவது லெவல்" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர். பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவர். அவர் கையிலும் போன்.

"பெரிய டாக்டரோட முக்கியமா பேசிக்கிட்டு..."

"அஞ்சு!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்த சாக்கு அத்தனையையும் மூன்றே நாளில் கேமுக்குள் கொட்டிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைவசம் ஒன்றும் மிச்சமில்லை.

"மூணாவது லெவல்ல அந்தப் பச்சை பட்டன் ரொம்பச் சின்னது. விரல் வைக்க முடியல" என்றார் டீச்சர் கண்டிப்பான குரலில்.

பயத்திலேயும் டோக்கன் அக்காவின் கை, பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டது. "டீச்சர், இதையே அங்க எழுதி, மதிப்பெண்ணும் போட முடியுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "நேர்மையா எவ்வளவு தோணுதோ அவ்வளவு போதும்."

"நீ ஏம்மா கேக்குற?"

"சும்மாதான்."

டீச்சர் மூன்றரை போட்டார். வாழ்நாளில் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லையாம்.

வந்தவர்கள் எல்லோரும் கருத்தோடுதான் வந்தார்கள். போன மாதம் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு போனவர், இசை காதைக் குடைகிறது என்று சொல்வதற்காகவே இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். தையற்கடைக்காரர் ஒருவர், நோயாளிகளின் சட்டைக்கெல்லாம் ஒரே நிறம் போட்டால் யார் யாரென்று எப்படித் தெரியும் என்று சண்டை பிடித்தார். அவ்வளவும் உண்மை. அவ்வளவையும் அவள் டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஆனால் "அங்கேயும் எழுதுங்களேன்" என்றால் மட்டும், "அதான் நேர்லயே சொல்லிட்டேனேம்மா!" என்று கிளம்பிவிட்டார்கள்.

மணி பதினொன்றே முக்கால். மதிப்பெண் போட்டவர்கள் பதினேழு. கூடத்தில் உட்கார இடம் இல்லை. பல்செட் பெரியவர் எட்டாவது லெவலுக்கு வந்துவிட்டார்; அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று யோசனை சொன்னார்கள். எந்தச் சாக்கும் செல்லவில்லை. கூச்சல் கூரையைப் பிளந்தது.

"கொஞ்சம் அமைதியா இருங்க, டாக்டர் இதோ..." என்று டோக்கன் அக்கா பழக்க தோஷத்தில் ஆரம்பித்தாள்.

"வந்துடுவார்!" என்று கூடமே முடித்து வைத்தது.

அவளுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியாது!" என்று கத்தினாள். கூடம் கப்பென்று அடங்கியது. "டாக்டர் ஏன் கூப்பிட மாட்டேங்கிறார்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நாலு நாளா உள்ள என்ன பண்றார்னும் தெரியாது. நான் சொன்னதெல்லாம் பொய். அந்த கேமைச் செஞ்சதும் நான்தான். அதுல வர்ற டாக்டர் முக்கால்வாசி இவர்தான். வேலை போனா போகட்டும். நீங்க உக்காந்து காத்திருக்கீங்க, நான் நின்னுக்கிட்டுக் காத்திருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கண்ணில் நீர் வந்தது. யாரோ ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்கள்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பல்செட் பெரியவர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டி, "நீ முதல்ல உக்காரும்மா" என்றார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க ஏன் கத்தப்போறோம்?"

கணக்கு டீச்சர் போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம். இந்த மூலையில 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு பட்டன், முதல் லெவல்லேருந்து இருக்கே! யாரும் அமுக்கலையா?"

"அதை எவன் அமுக்குவான்?" என்றபடி பெரியவர் அமுக்கினார்.

கேமுக்குள் குமுறிக்கொண்டிருந்த நோயாளிகள் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஒருவர் டோக்கன் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மணி அடித்தது. எட்டாவது லெவல் முடிந்தது.

கூடத்தில் எழுந்த கைதட்டலில் மூக்குக்கண்ணாடி ஒன்று கீழே விழுந்தது. பெரியவர் ஐந்து போட்டார். பதினெட்டு. தையற்கடைக்காரர், சட்டை நிறத்துக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டு நாலு போட்டார். பத்தொன்பது.

மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு! யாராவது சீக்கிரம்!" என்றார் டீச்சர்.

ஏழு பேர் ஒரே நேரத்தில் பெயர் பதியத் தொடங்கினார்கள். "பாஸ்வேர்டுல ஒரு நம்பர் இருக்கணுமாம், என்ன நம்பர்மா?" "ஏதோ ஒண்ணு போடுங்க!" "நீ சொல்லு, நான் போடுறேன்." "டோக்கன் நம்பரைப் போடலாமா?" "பஸ் போட்டோவைக் காட்டி எதெது பஸ்னு கேக்குது, பாதி பஸ் தெரிஞ்சா அமுக்கணுமா?"

ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. டோக்கன் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துப் பார்த்தாள். பரவாயில்லாமல் இல்லை. இருபது வேண்டும், வேண்டவே வேண்டும்.

மேசைமேல் போன் சிணுங்கியது.

சும்மா வந்தவன்.

"எட்டாவது லெவல் தாண்டிவிட்டேன்! ஐந்துக்கு ஐந்து. கடைசி நேரத்திலாவது குறிப்பு கொடுத்தீர்களே, மிக்க நன்றி. அந்த டாக்டர் பாத்திரத்தைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும், மீசையை மட்டும் எடுத்துவிடுங்கள்."

இருபது!

கூடமே துள்ளியது. டீச்சர் டோக்கன் அக்காவைக் கட்டிக்கொண்டார். பாதியில் நின்ற ஏழு பேரும் பாஸ்வேர்டை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அவள் சிரித்தாள், அழுதாள், கணவருக்கு "இருபது!" என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினாள். இந்தத் தடவை, அனுப்பும் முன் பெயரை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

பிறகுதான் அந்தக் கருத்தை மறுபடி வாசித்தாள்.

"நான் எப்ப இவருக்குக் குறிப்புக் குடுத்தேன்?"

அப்போது டாக்டரின் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் பெண் தலையை நீட்டினாள்.

"அக்கா, மூணாவது டோக்கனை அனுப்பச் சொன்னார். நாலு நாளா ஏதோ எட்டாவது லெவலாம்... நீங்க கத்தினது கேட்டதும்தான் முடிஞ்சுதாம்."